சித்தி பேயாக நடித்த படம்

பெரிய கம்பெனிக்காரர்கள் எடுக்கும் பேய்ப் படங்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. நாலு பேர் சேர்ந்து, இரவல் கேமராவில், பேயின் வெள்ளைச் சேலைக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிகிற மாதிரி எடுத்த படம் எங்காவது கிடைத்தால் உட்கார்ந்துவிடுவேன். முதல் பாதி முழுக்கச் சிரிப்பேன். பேயை விரட்டும் கட்டம் வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். பயமா என்று கணவர் கேலி செய்வார். பயமில்லை. அவ்வளவு நேரம் சிரிக்க வைத்த பேயைத் துரத்துவதைப் பார்க்க மனசு வருவதில்லை.

கிள்ளானில் இருந்த சித்தப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். கேமரா முதலாளியுடையது. எனக்குப் பத்து வயதானபோது, பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அண்ணனையும் என்னையும் அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சித்திக்குத் துணையாக இருக்கட்டும் என்றார் அம்மா. சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த முறை தலையில் முடியும் இல்லை. பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் சந்தனம் எங்கே என்று நான் கேட்டதற்கு அண்ணன் தொடையில் கிள்ளினான். அவனுக்குப் பதினான்கு வயது. விஷயம் தெரிந்திருக்கிறது.

படம் எடுக்கும் யோசனை சித்தியுடையதுதான்.

"ஊர்ல உள்ள பொண்ணுங்க எல்லாரையும் எடுத்தாச்சு. என்னை எப்ப எடுக்கப் போறீங்க?"

"என்ன படம் எடுக்கறது?"

"பேய்ப் படம்தான் லா. இந்த மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம்" என்று சிரித்தார் சித்தி. சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் கேமராவோடு வந்து நின்றார்.

கதையும் சித்தியே சொன்னதுதான். அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுமே என்ற கவலையில் செத்த மறுநாளே வீடு திரும்பும் ஒரு பேய். யாரும் அதைக் கண்டு பயப்படுவதில்லை. வீட்டுக்காரியாக வரும் நான் அதைத் தேங்காய் துருவச் சொல்கிறேன், துணி மடிக்கச் சொல்கிறேன். கடைசியில் அண்ணன் பூசாரியாக வந்து அதை வாசல் கேட்டுக்கு வெளியே அனுப்பிவைக்கிறான். பகலில் சன்னல்களில் போர்வையை மாட்டி இருட்டாக்கிக்கொண்டு எடுத்தோம். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய டோப்பா முடி சித்திக்குப் பெரிதாக இருந்தது. பேய் குனிந்ததும் நழுவித் தேங்காய்ப்பூவில் விழுந்தது. பேய் அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சித்தப்பா அதையும் விடாமல் எடுத்தார்.

கடைசிக் காட்சி மட்டும் நகரவில்லை. பேய் கேட்டைத் திறந்து, எங்களைத் திரும்பிப் பார்த்து, "போறேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் பேய் திரும்பி வராதாம். சித்திக்கு அது வாயில் வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிற யார்தான் அப்படிச் சொல்வார்கள்? ஒவ்வொரு முறையும் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்றுவிடுவார். நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரிப்போம். சித்தப்பா, "பரவாயில்ல, நாளைக்குப் பார்ப்போம்" என்பார். நான்கு நாள் இப்படியே போயிற்று. நாளாக நாளாகச் சித்தி கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என் கவலை வேறு. விடுமுறை முடியப் போகிறது, படம் முடியாவிட்டால் பள்ளியில் எதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வது?

ஐந்தாம் நாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. சித்தி கேட்டைத் திறந்தார். எங்களைப் பார்க்க வேண்டியவர், கேமராவுக்குப் பின்னால் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார்.

"போறேன்."

சித்தப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "டேப் ஓடல. இது கணக்குல சேராது. இன்னொரு வாட்டி எடுக்கணும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொல்றீங்க சித்தப்பா! சிவப்பு லைட் எரிஞ்சுச்சு, நான் பார்த்தேன்!" என்று கத்தினேன். அண்ணன் வாயைப் பொத்த வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் கத்தினேன்.

சித்தி டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பிள்ள சொல்றது சரிதானே. போதும்ங்க. இன்னொரு வாட்டி என்னால சொல்ல முடியாது."

சித்தப்பா கேமராவை நிறுத்தினார். அதைக் கீழே வைத்துவிட்டு சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக்குச் சித்தி இல்லை. அந்த டேப்பை யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை. அதெல்லாம் பிறகு. பள்ளி திறந்த அன்று நான் வகுப்பில் எல்லோரையும் கூட்டிவைத்துக்கொண்டு கதை சொன்னேன். எங்கள் சித்தப்பாவுக்குப் படத்தை முடிக்கவே தெரியாது, நான் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பேய் இன்னும் வீட்டிலேயேதான் இருந்திருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.