காலரைப் புரட்டிப் பார்ப்பவள்

அந்தச் சலவைக்கடைக்காரிக்குத் தெருவில் 'சி.ஐ.டி.' என்று பெயர். யார் சட்டையை நீட்டினாலும் முதலில் காலரைப் புரட்டிப் பார்ப்பாள். கறையை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்துத்தான். காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன் என்பவன் உண்மையில் எங்கே சுற்றினான் என்பதெல்லாம் அவளுக்குக் காலரிலேயே தெரிந்துவிடும். பெண் கேட்டு வந்த மூன்று பேரை இப்படியே கழித்துக் கட்டினாள். முப்பத்தாறு வயதில் இவ்வளவு திமிர் ஆகாதுதான். ஆனால் மூன்று பேருடைய குட்டும் பிற்பாடு வெளிப்பட்டுவிட்டது. அதனால் கடையில் கூட இருந்து துணி மடிக்கும் தங்கையாலும் வாயைத் திறக்க முடியவில்லை.

நாலாவது ஆள் ஒரு லிப்ட் மெக்கானிக். முன்கோபி. சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. ஆனால் மூன்று வருஷமாக அவன் சட்டைகளைத் துவைக்கிறாள், ஒரு காலர்கூடப் பொய் சொன்னதில்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்தேன் என்றால் எட்டு மணி நேர அழுக்கு அதில் இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் சரி என்றாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து என்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"படற மாதிரி இருந்தா படுவேன். சொல்லு."

"நான் வேலை பாக்கற கட்டடத்துல மேல் மாடிக்காரர் ஒருத்தர், ஒரு உதவி செய்வியான்னு கேட்டார். செய்யறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அப்புறம்தான் என்னன்னே சொன்னார். ஜன்னல்லேர்ந்து தினமும் உன் கடையைத்தான் பாக்கறாராம். உன்னைக் கட்டிக்க ஆசையாம். அதை உங்கிட்ட சொல்லணுமாம்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எந்த மாடி?"

"பத்தாவது."

"அந்தக் கட்டடத்துக்கு ஒம்போது மாடிதானே?"

"அதான் எனக்கும் புரியல. பட்டன் எரியுது. போனா மாடி இருக்கு."

"கட்டிக்கப் போறவகிட்டயே இன்னொருத்தனுக்காகத் தூது வந்து நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"வாக்குக் குடுத்துட்டேனே" என்றான். அழாத குறைதான். அவள் ஆடித் தீர்த்தாள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா என்று விரட்டினாள். காலையில் முதல் வேலையாக அதைச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஆறு அடிக்கும்போது வாசலில் நின்றான். அங்கேயே அவளுக்கு உறுத்தியது. தலை படிய வாரியிருந்தது. தங்கை ஏதோ கேலி செய்ததற்குச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வாங்கின திட்டுக்கு ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

"எம்மேல கோவமே இல்லையா?" என்று கேட்டாள்.

"உம்மேல எனக்கு எப்படிக் கோவம் வரும்?"

பேச்சு அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அவன் கண் இமைக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இமைக்கவில்லை. மறுநாள் வேண்டுமென்றே நீராவி இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காரவைத்தாள். தங்கைக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் நெற்றியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. புதன்கிழமை அவன் துவைக்கக் கொடுத்த சட்டையைப் புரட்டினாள். மூன்று நாள் போட்ட சட்டை, கடையில் பிரித்த மாதிரி இருந்தது.

"உன் காலர்ல ஏன் அழுக்கே இல்ல?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவன் யோசித்துக்கொண்டே காலரைத் தடவிப் பார்த்தான்.

"அழுக்குப் பண்ணாத ஆம்பளை கிடைச்சதுக்கு நீ கும்பிடணும். அதுல போய் குத்தம் கண்டுபிடிக்கறியேக்கா" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவன் வியர்க்க விறுவிறுக்க வந்தான். கண் இமைத்தது. கொடுத்த சட்டையின் காலரில் கறுப்பாக அழுக்கு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவனோடு தெருமுனைவரை நடந்துபோய்விட்டு வந்தாள், ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தாள். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சட்டையைக் காலர் புரட்டாமல் சோப்புத் தண்ணீரில் போட்டாள். கெட்டிக்காரி கோட்டை விட்ட இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அவன் பதிவு அலுவலகத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். பேனாவை அவள் கையில் எடுத்ததுதான் தாமதம், படியில் தடதடவென்று சத்தம். இன்னொரு மெக்கானிக் மூச்சிரைக்க உள்ளே வந்தான். அதே முகம், அதே சட்டை, அதே கிரீஸ்.

"முடியாதுன்னு சொல்லிட்டு லிப்ட்ல இறங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகல. வெளிய வந்தா வெள்ளிக்கிழமைங்கறாங்க!"

பெஞ்சில் இருந்தவனும் எழுந்தான். "அப்படிச் சொல்லிட்டு இறங்கினது நான். இவன் மேல் மாடிக்காரன்" என்றான், அதே குரலில்.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் வியர்த்தது, இருவருக்கும் கண் இமைத்தது. இங்கே தவறினால் காலம் பூராவும் யாரோடு குடித்தனம் செய்கிறோம் என்றே தெரியாது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டுங்க" என்றாள்.

"அம்மா, இது ஆபீஸ்!" என்று குமாஸ்தா கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் சட்டை பெஞ்சில் இருந்தவனுடையது. காலரில் வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு, வர்ணம் பூசினது போல ஒரே சீராக. புரட்டினாள். உள்பக்கம் வெள்ளை. இரண்டாவது சட்டையில் வெளியே கிரீஸ் தவிர ஒன்றுமில்லை. புரட்டினாள். கழுத்து உரசுகிற இடத்தில் கோடு, அதிலும் பின்கழுத்து மடிப்பில் கன்னங்கரேலென்று தடித்துக் கிடந்தது. நாள் முழுக்க அண்ணாந்து லிப்டுக் கயிற்றைப் பார்க்கிறவனுக்கு அழுக்கு அங்கேதான் சேரும். மூன்று வருஷமாக அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நோகும்.

முதல் சட்டையை நீட்டினாள். "நீங்க போங்க."

"நான் உனக்குப் பிடிச்ச மாதிரிதானே இருந்தேன்?" என்றான் அவன். குரலில் கபடமே இல்லை. அவளுக்கு முதல் தடவையாக அவன்மேல் பாவமாக இருந்தது. சட்டையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். அந்தப் பழைய மரப்படி அவன் காலுக்கு ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

மெக்கானிக் பனியனோடு அப்படியே நின்றான். அவன் முகத்தில் இப்போது வேறு ஏதோ ஓடியது. சந்தேகப்படுவது அவளுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தா என்ன?

"நாலு நாளா அவன்கூட இருந்திருக்கே. சந்தோஷமா இருந்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிற்று. ஊரார் பொய்யையெல்லாம் பிடித்தவளுக்குத் தன் வாயில் ஒரு பொய் வரவில்லை.

"வியாழக்கிழமை இருந்தேன்" என்றாள். "நீதான்னு நினைச்சு."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையை வெடுக்கென்று பிடுங்கி, பொத்தானை மாற்றிப் போட்டு, நாற்காலியை உதைத்துத் தள்ளி உட்கார்ந்து, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று குமாஸ்தாவிடம் எரிந்து விழுந்தான்.

ஐந்து நாளாக அவள் நெஞ்சில் கிடந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.