தீவுப் படங்களும் என் பென்சிலும்

1. கல்யாண மாப்பிள்ளைகள்

“யாரு இந்தப் படத்துல கை வச்சது?”

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு ஸ்டூடியோவில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கத்தியவர் வலியசாலை அக்ரஹாரத்துக் கேப்டன். பட்டாளத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். கை வைத்தது நான்தான்.

அப்போது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்தன. ஸ்டூடியோவில் நான் ரீடச்சர். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்ன வேலையென்று தெரியாது. நெகட்டிவைச் சாய்வு மேஜையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தைச் சரிசெய்ய வேண்டும். நெகட்டிவில் கறுப்பும் வெளுப்பும் மாறியிருக்கும். ஒட்டிய கன்னத்தின் நிழல் அங்கே கண்ணாடிபோல வெளிச்சம் விடும். அதில் பென்சிலை ஓட்டினால் பிரிண்டில் கன்னம் உப்பிவிடும். கல்யாணத்துக்கென்று படம் எடுத்த எத்தனையோ பெண்களைக் கரையேற்றியது என் பென்சில்தான். நேரில் பார்த்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரரான முதலாளிக்கு ஒரே சட்டம். “தங்கம், நம்ம ஸ்டூடியோப் படத்துல ஒரு மறு, ஒரு வடு இருக்கப்பிடாது, கேட்டியா?”

கேப்டன் கொண்டுவந்த நெகட்டிவ்களுக்கும் அந்தச் சட்டப்படியே செய்தேன். யுத்த காலத்தில் பர்மாவின் அரக்கான் கரையோரம் ஒரு தீவில் அவரே எடுத்த படங்கள். சேற்றில் கூலியாட்கள் ஆறு பேர் ஒரு மரத்தைத் தோளில் சுமந்து நிற்கும் படம்தான் முதலில் கைக்கு வந்தது. ஆறு பேருக்கும் எலும்புதான் மிச்சம். பாவம் என்று கன்னங்களை நிரப்பினேன், கண்ணுக்குக் கீழிருந்த கருவளையங்களை எடுத்தேன், ஒருவருக்குப் புருவத்தை ஒட்டி இருந்த வெட்டுத் தழும்பையும் அடைத்தேன்.

“ஏம்மா, இவாளெல்லாம் யுத்தத்துக்குப் போனவாளா, மாமியார் ஆத்துக்கு விருந்துக்குப் போனவாளா?” என்றார் கேப்டன்.

“சாரே, கோவப்படாதீங்கோ. பிள்ளை நல்லதுன்னு நெனச்சாக்கும் செய்திருக்கு” என்று முதலாளி கையைப் பிசைந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “பட்டினி முகத்தப் படமா அடிச்சு யாருக்கு என்ன லாபம் சார்?” என்று கேட்டுவிட்டேன்.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் இறங்கிவிட்டது. “பெரிய சண்டையைப் பத்தியெல்லாம் புஸ்தகம் வரும்மா. இந்தத் தீவைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுத மாட்டா. நான் படமாவே ஒரு புஸ்தகம் போடப்போறேன். அவா இருந்தபடி இருக்கட்டும். இனிமே இதுல ஒரு பென்சில் கோடு படப்படாது.”

நல்லவேளை, பென்சில் வேலையைக் கலைத்துவிடலாம். டர்ப்பன்டைன் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். கன்னங்கள் மறுபடி ஒட்டின. புருவத்து வெட்டும் திரும்பி வந்தது. அதிலிருந்து புதிதாகப் போட்ட பிரிண்டைக் கேப்டன் விருப்பப்படி வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம்.

2. வித்துரா பஸ்ஸில் வந்தவர்

கொஞ்ச நாளில் ஒரு அம்மா கண்ணாடிப் பெட்டிமேல் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பெயர் பேச்சியம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த குடும்பம். எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல, மலையிறங்கி வித்துரா வந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

“இந்தப் புருவத்து வெட்டு, தேயிலை வெட்டுத கவாத்துக் கத்தி பட்டது. நாந்தான் மஞ்சள் அரைச்சு வச்சேன்” என்றார். “ஐயோ, இப்படி மெலிஞ்சிட்டீகளே!”

கணவர் சுடலைமுத்து. பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் எடுத்தபோது எஸ்டேட்டிலிருந்து போனவர், திரும்பவில்லை. “ரங்கூன்ல ஒருத்தியோட குடும்பம் நடத்துதாருன்னு எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் பேசுதாங்க. எம் மவளுக்கு வந்த சம்பந்தங்கூட அதனாலதான் தட்டிப்போச்சு. ஓடுகாலிப்பய மவளாம்.”

என் பென்சில் அந்த வெட்டின் மேல் அப்படியே இருந்திருந்தால் இவர் புருஷனை அடையாளம் கண்டிருக்கவே மாட்டார். கேப்டனுக்கு ஆள் அனுப்பினோம். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

பேச்சியம்மாவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்த மழையிலே ஜுரம் வந்துது. இந்தக் கேங்குல ஒருத்தரும் தப்பலை. படகுத்துறை பக்கத்துல நானே நின்னு புதைச்சேன். இவா பேரெல்லாம் மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவனும் போயிட்டான். ஆருக்குன்னு சொல்லி அனுப்பறது?”

அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுதார். முதலாளி எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். அழுது முடித்து அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்.

“அப்ப ஓடிப்போகல்லல்ல, சாமி?”

“எங்கேம்மா ஓடறது? சுத்திக் கடல்.”

புத்தகத்தில் படத்தின் கீழ் பெயர் போடுவதாகக் கேப்டன் சொன்னார். அப்போது நான் வாயைத் திறந்தேன். “சார், படத்துக்குக் கீழ போடுத எழுத்தை பிரஸ்காரங்க மாத்துவாங்க, வெட்டுவாங்க. நெகட்டிவ்லயே எழுதிட்டா ஒருத்தராலயும் முடியாது.”

பென்சில் படக்கூடாது என்று சொன்ன மனிதர் என்னையே பார்த்தார். “எழுதும்மா” என்றார்.

வெளிச்சத்தை அடைக்கும் மையைத் தொட்டு, சுடலைமுத்துவின் காலடிச் சேற்றில், இடம்வலம் மாற்றி எழுதினேன்: போனக்காடு சுடலைமுத்து. பிரிண்டில் அது வெள்ளை எழுத்தாக நிமிர்ந்து நின்றது.

3. புத்தகம்

புத்தகம் வர வெகுகாலம் ஆனது. மெல்லிய புத்தகம்தான். கேப்டன் எழுதிக் கொடுத்ததையெல்லாம் பிரஸ்ஸில் சுருக்கிவிட்டார்கள். அந்தப் படத்தின் கீழ் ‘தீவில் கூலிகள்’ என்று மட்டும் இருந்தது. ஆனால் சேற்றில் என் எழுத்து அப்படியே இருந்தது. அன்றைக்குப் போல் வாழ்க்கையில் எந்த வேலைக்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

பேச்சியம்மாவே வந்து வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது. அவர் விரலைப் பிடித்து வெள்ளை எழுத்தின் மேல் வைத்தேன். எழுத்து எழுத்தாகத் தடவினார். “இனிமே லயத்துல எவளாவது வாயத் தொறக்கட்டும்” என்று சிரித்தார்.

பிறகு விரல் பக்கத்து ஆளின் காலடிக்குப் போனது. அங்கே வெறும் சேறு.

“இவுக பேரு?”

“தெரியல்லம்மா. யாருக்கும் தெரியல்ல.”

அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப இவுக வீட்டுல இன்னும் இவுகள ஓடுகாலின்னு ஏசிக்கிட்டுத்தான் இருப்பாக” என்றார்.

அதன் பிறகு எந்த குரூப் போட்டோ வந்தாலும் நிற்கிறவர்களின் பெயரை முதலில் கேட்டு வாங்கிக்கொள்வேன். “கல்யாண குரூப்புக்கு எதுக்கு பிள்ளே இத்தனை பேரு?” என்று முதலாளி சலித்துக்கொள்வார். கேட்டு எழுதிய பிறகுதான் பென்சிலைச் சீவுவேன்.