ஒஷாவாவுக்குப் போன தூது

வைத்தியசாலைக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி அப்பா, பெரியப்பாவை வரச் சொல்லு என்றார். போனில் சொல்லாதே, நேரில் போய்ச் சொல்லு என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. அக்காவின் கலியாண அழைப்பிதழை அப்பா தன் அண்ணனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். கூடப்பிறந்தவருக்கு அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லவேண்டும். பெரியப்பா இருக்கிற ஒஷாவா ஒன்றும் தூரமில்லை, காரில் ஒரு மணித்தியாலம். அப்பாவுக்கு அப்போது இரண்டு வேலை, நேரமில்லை. பெரியப்பா கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடமாக இரண்டு பேரும் கதைக்கவில்லை. சண்டை அவ்வளவுதான்.

அந்த நாட்களில் என் தலைக்குள் வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கில அரசர்களும் பாரசீக ஷாக்களும் ஒருவருக்கொருவர் அனுப்பிய தூதுகளைப் பற்றி முதுகலை ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். நானூறு வருடத்துக்கு முன், பாரசீகத் தலைப்பாகை கட்டிய ஒரு ஆங்கிலேயன், நான்தான் ஷாவின் தூதன் என்று லண்டனில் இருந்தான். பிறகு பாரசீகத்திலிருந்தே இன்னொரு தூதன் வந்து இறங்கினான். ஆங்கிலேயன் ஷாவின் கடிதத்தைக் கண்ணில் ஒற்றி, தலைக்குமேல் பிடித்து, முத்தமிட்டு அவனிடம் நீட்டினான். வந்தவன் அதைப் பறித்துக் கிழித்துவிட்டு முகத்தில் ஒரு குத்தும் விட்டான். கடிதமும் பொய், ஆளும் பொய் என்றான். இந்த இடத்தை பஸ்ஸிலும் சாப்பாட்டுக் கடையிலும் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒஷாவாவில் பெரியப்பா தனியாக இருந்தார். பெரியம்மா வேலைக்குப் போயிருந்தா. தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் செய்தியைச் சொன்னேன். அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"உன்ர மாமி முந்தநாள் அஜின்கோர்ட்டிலயிருந்து வந்தவ," என்றார். மாமி, அப்பாவின் தங்கை. "தம்பி என்னை வரவேண்டாமெண்டவனாம். கண்டால் பிரஷர் ஏறுமாம். நீ வா எண்டுறாய். ரெண்டு பேரும் அவன் சொன்னதெண்டுதான் சொல்லுறியள். நான் ஆரை நம்ப?"

எனக்குத் துக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோசம் வந்தது. என் அத்தியாயம் அந்தக் குசினி மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. தலைப்பாகை, கடிதம், குத்து என்று முழுவதையும் சொன்னேன். பெரியப்பா சிரித்தார். மாமியின் கை கொஞ்சம் பாரம், நீ தள்ளியே இரு என்றார். பிறகு, அந்த ராசா என்ன செய்தவர் என்று கேட்டார்.

எது மெய்யென்று அரசனுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் கப்பலேற்றி, கூடவே தன் தூதன் ஒருவனையும் விட்டு, ஷாவிடமே கேட்டுவரச் சொன்னான் என்றேன்.

"மூளையுள்ள ராசா," என்றார் பெரியப்பா. "அப்ப நீயும் போய்க் கேட்டுக்கொண்டு வா. வரச் சொன்னால் உடன வாறன். நான் உடுப்பு மாத்திக்கொண்டு இருக்கிறன்."

போனை எடுத்தேன். இப்பவே அப்பாவைக் கேட்கலாம் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"அண்டைக்குத் தபால், இண்டைக்குப் போனோ?"

அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் எந்தத் தூதனும் அரண்மனை வாசலைத் தாண்ட முடியாது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அப்பாவின் கையால் ஒரு வரி வாங்கிப் போயிருக்கலாம். அவர் குரலைப் போனில் பதிந்துகொண்டு போயிருக்கலாம். வெறும் வாயோடு போனேன்.

கதையின் மிச்சத்தையும் பெரியப்பாவுக்குச் சொல்லவில்லை. அனுப்பப்பட்ட மூன்று பேரில் ஒருவனும் உயிரோடு லண்டன் திரும்பவில்லை. அரசனுக்குத் தெளிவான பதில் கிடைக்கவேயில்லை. பெரியப்பா உடுப்பு மாற்ற எழும்பிவிட்டார், நானும் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டேன்.

திரும்பி வர நெடுஞ்சாலையில் நெரிசல். வைத்தியசாலையில் அப்பாவின் கட்டில் வெறுமையாக இருந்தது, விரிப்புக்கூட மாற்றியிருந்தார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டு வேறு மாடிக்குக் கொண்டுபோய்விட்டதாகத் தாதி சொன்னா. கண்ணாடிக்கு வெளியே அம்மா நின்றா. நான் பக்கத்தில் போய் நின்றேன். கார் தரிப்பிடச் சீட்டு கையில் இருந்தது. அதை நாலாக மடித்தேன், பிறகு விரித்தேன். கொண்டுபோகப் பதில் இல்லாதபடியால் ஒஷாவாவுக்குப் போகவில்லை. குழாய் போட்டிருக்கிறது என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அப்பா போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு எங்கள் ஆட்கள் ஆரையும் அழைப்பதில்லை. செய்தி காதில் விழுந்தால் போதும். பெரியப்பாவுக்கு மாமிதான் போனில் சொன்னா.

பார்வைக்கு வைத்த மண்டபத்தில் எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பூக்களின் மணமும் கால்களுக்குக் கீழே கம்பளத்தின் மெத்தென்ற தன்மையும் மட்டும் நினைவிருக்கின்றன. பெரியம்மா வந்து என் கையைப் பிடித்தா. அன்றைக்கு நீ போனதிலிருந்து, நான் வேலை முடிந்து வந்த பிறகும், மனுசன் சேட்டும் சப்பாத்தும் போட்டபடி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றா. குற்றமாகச் சொல்லவில்லை. நான் ஓம் என்றேன்.

அப்பா என்னிடமும் மாமியிடமும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கலாம். ஷாவும் இரண்டு தூதர்களையும் உண்மையாகவே அனுப்பியிருக்கலாம் என்று என் பேராசிரியை ஆய்வுத் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தா. மாமியிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெரியப்பா என்னிடம் வந்தார். பக்கத்தில் மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"கேட்டனியோ?" என்றார்.

"ஓம் பெரியப்பா. வரச் சொன்னவர்."

மாமி நிமிரவில்லை. பெரியப்பா தலையாட்டினார். திரும்பிப் போய் அப்பாவின் கால்மாட்டில் நின்றார். ஆரோ கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அவர் உட்காரவில்லை.