பசுவைத் தொட்ட கை

எங்கள் வீடு வேங்கிக்காலில். பள்ளி விடுமுறையில் என் ஆறு வயது மகள் நிலாவைப் பொருட்காட்சிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பட்டியில் ஆடு, முயல், பசு எல்லாம் விட்டிருந்தார்கள். குழந்தைகள் உள்ளே போய்த் தொட்டுப் பார்க்கலாம். நிலா பசுவுக்குக் கீரை கொடுத்தாள். நான் சும்மா இருக்காமல், “பின்பக்கம் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோடி, அங்கதான் லட்சுமி இருக்கா” என்றேன். கோயில் மாட்டை அப்படித்தானே கும்பிடுவோம்! பிறகு அவள் கையை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, அதே கையில் பஞ்சுமிட்டாயும் வாங்கிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் நிலாவுக்குக் கடுமையான வயிற்றுவலி. ரத்தமாகப் போனது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

“ஆடு மாடு எதனா தொட்டாளா?” என்று டாக்டரம்மா கேட்டார். “அந்தப் பொருட்காட்சிக்குப் போயிட்டு வந்ததுல இவ மூணாவது கொழந்தைம்மா. சாணத்துல இருக்கிற கிருமி, கை வழியா வாய்க்குப் போயிடுது.”

“டிஷ்யூவுல தொடைச்சி விட்டேங்களே.”

“தொடைச்சா போதாது. சோப்பு போட்டுக் கழுவணும்.”

நல்லவேளை, அந்தக் கிருமி கிட்னியைக் கெடுக்கும் அளவுக்குப் போகவில்லை; ஒரு வாரத்தில் தேறினாள்.

இப்போது கிரிவலம் போனாலும் என் பையில் சோப்பும் தண்ணீரும் இருக்கும். போன பௌர்ணமியன்று பழக்கதோஷத்தில் ஒரு பசுவைத் தொட்டுவிட்டு, கையைக் கண்ணருகே கொண்டுபோனேன். நிலா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல சோப்பும்மா!”