ஏ ஷிப்ட் பூ

கௌசர் அக்காவை நான் முதலில் பார்க்கப் போனது ஒரு புகாரோடு. ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், நிர்வாகப் பிரிவில் நான் சேர்ந்து இரண்டு மாதம். ஜவளகிரிப் பக்கம் எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான்தான், அதுவும் தாவரவியல். அதனால், வாசல் பாத்தியில் செடிகள் செத்துக் கிடப்பதாகவும் தோட்டக்காரப் பெண் கவனிப்பதில்லை என்றும் மேலாளர் மோகன்குமார் சொன்னபோது, போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

மாலை நாலரை மணி. ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் தரையோடு படர்ந்திருந்தது செடி. பூவெல்லாம் கசக்கிப்போட்ட காகிதம் மாதிரி சுருங்கியிருந்தது. நடுவில் குத்தவைத்துக் களையெடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். நிமிரவேயில்லை.

"இது ஏ ஷிப்ட் பூ தம்பி. வெயில் ஏறினா வேலைக்கு வரும், ரெண்டு மணிக்கு முடிச்சுக்கினு போயிடும். உங்க சாரு காலைல பின் கேட் வழியா கார்லயே உள்ள போயிடறாரு. சாயங்காலம் வாக்கிங் வந்து பாத்துட்டு செத்துப்போச்சுன்னா, நான் இன்னா பண்றது?"

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். பாத்தி முழுக்க சிவப்பும் மஞ்சளும் ரோஜா நிறமும். டேபிள் ரோஸ். பட்டுத்துணி போன்ற இதழ்கள், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. ஊசி போல உருண்ட இலை ஒன்றைக் கிள்ளி நசுக்கினேன்; விரல் நனைந்தது. தண்ணீரை இலையிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும் சாதி.

அந்த இடத்தில் இரண்டு முறை போட்ட புல்தரை கான்கிரீட் சூட்டில் கருகிப்போயிருக்கிறது. தொரப்பள்ளியில் நாத்தனார் வீட்டு மாடியிலிருந்து, வேரில்லாத வெறும் தண்டுகளை மதியச் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்து அக்கா நட்டிருக்கிறார். அதற்கு முன் எட்டு வருடம் இதே தொழிற்சாலையில் வயரிங் பிரிவு. ஒப்பந்தம் முடிந்ததென்று வெளியே அனுப்பினார்கள். தோட்ட ஒப்பந்தக்காரர் வழியாக அதே கேட்டுக்குள் திரும்பி வந்தவர்.

செடி உயிரோடு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்று எழுதி, பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தையும் போட்டுக் கொடுத்தேன். மோகன்குமார் பக்கத்தைப் புரட்டவில்லை. கம்பெனி பார்க்க வருகிறவர்கள் நாலு மணிக்குத்தான் வருவார்களாம். அப்போது பச்சையாகத் தெரிய வேண்டுமாம். சனிக்கிழமைக்குள் கௌசரே எல்லாவற்றையும் பிடுங்கிப் புல் போட வேண்டும், இல்லையென்றால் கேட் பாஸ் கிடையாது என்றார்.

ஒப்பந்தக்காரர், ஒரு வார்த்தை சரி சொல்லிவிடு என்று அக்காவிடம் கன்னடத்தில் கெஞ்சிப் பார்த்தார். அக்கா மேலாளர் அறைக்கே போனார். கூட நானும் நின்றேன்.

"வேரே இல்லாம வந்து, உங்க புல்லு ரெண்டு தடவ செத்த எடத்துல நிக்குது சார் இது. என் கையால புடுங்க மாட்டேன்."

கழுத்திலிருந்த பாஸைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

வேறு நாலு பேர் வந்து பிடுங்கினார்கள். அவர்கள் வந்தது காய் முற்றிய நேரம். டேபிள் ரோஸின் காய்க்கு டிபன் பாக்ஸ் போல மேல்மூடி உண்டு; முற்றினால் மூடி தனியே கழன்றுவிடும். உள்ளே இருக்கும் விதை, கிரைண்டிங் மெஷினில் உதிரும் இரும்புத் தூள் மாதிரி சாம்பல் நிறத்தில் மினுங்கும். இழுத்த இழுப்பில் அத்தனையும் மண்ணில் கொட்டியது. தண்டுகள் துண்டு துண்டாக ஒடிந்தன. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடி என்பது அவர்களுக்குத் தெரியாது. அதன்மேலேயே புல்லை விரித்துத் தண்ணீர் விட்டார்கள்.

கோடை மழை இரண்டு பெய்ததும் புல்லைப் பிளந்துகொண்டு வந்தது. பிடுங்கினார்கள், திரும்பவும் வந்தது. வெயிலில் புல் மூன்றாவது முறையாகக் கருகியது. கம்பெனி பார்க்க ஆட்கள் வரும் தேதி நெருங்க, அந்தச் செடியை ஒழிக்க வழி தெரிந்தவள் நீதான் என்று ஒப்பந்தக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். பாஸ் திரும்பக் கிடைக்குமாம்.

"செடி நடறதுக்குக் கூப்புடு, வரேன்ணா. புடுங்க வேற ஆளப் பாரு," என்று வைத்துவிட்டாராம்.

கௌசர் அக்கா இப்போது தளி ரோட்டில் ஒரு நர்சரியில் வேலை செய்கிறார். எங்கள் கேட் பாத்தியில் டேபிள் ரோஸ் இருக்கிறது.