பீங்கான் பதித்த படி

ஜனவரிக் குளிரில் கண்டிக்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்க, நானும் என் கணவரும் வேனுக்குப் பின்னால் ஒரு பாய்மரப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு அக்குறணையிலிருந்து புறப்படுவோம். ட்ரெய்லரில் ஏற்றக்கூடிய சின்னப் படகுகள் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கூடுவார்கள். கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். இஞ்சித் தேத்தண்ணி, காற்றைப் பற்றி ஓயாத பேச்சு, பல் கிடுகிடுக்க வீரப் பிரதாபம். பைத்தியம் பிடித்த கூட்டம் என்று என் வீட்டார் சொல்வதை நான் மறுப்பதில்லை.

என் கணவர் வருவதற்குக் காரணம் வேறு. அவர் பிறந்த ஊரான பழைய தெல்தெனிய, அணை கட்டியபோது மூழ்கி, அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அவருடைய சின்ன வயதிலேயே மௌத்தாகிப்போன அவருடைய உம்மா, என் மாமியும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். மற்றப் படகுகள் போட்டிக்குப் போனதும் நாங்கள் தனியே விலகிப் போவோம். எதிர்க்கரையில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். அதற்கு நேரே வந்ததும் அவர் பாயை இறக்குவார். அதுதான் மையவாடி, உம்மாவை அடக்கிய இடம் என்று முதல் வருடமே சொல்லியிருந்தார். அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லி, யாசீன் ஓதுவார். எனக்குக் கீழே பார்க்கப் பயம். புகைப்படத்தில்கூடக் கண்டிராத மாமி அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

போன ஜனவரியில் மழை ஏமாற்றியதால் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. அவர் ஸலாம் சொல்லி முடிக்கவில்லை, படகின் அடிப்பலகை எதிலோ இடித்து நின்றுவிட்டது. யாரோ கீழிருந்து பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. தள்ளிவிடலாமென்று அவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் தொடை வரைதான். இறங்கியவர் படகைத் தள்ளவில்லை. குனிந்து, தோள்வரை நனைய, காலடியில் எதையோ தடவிக்கொண்டே நின்றார்.

"பீங்கான்," என்றார். "இது எங்கட ஊட்டுப் படி."

மாமி கைதவறி உடைத்த பீங்கானின் துண்டுகளை மாமா வாசற்படிச் சீமெந்தில் பதித்துவைத்த கதை எனக்கு மனப்பாடம். மாமியின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது, சின்னப் பிள்ளை வரவேண்டாமென்று இவரை அந்தப் படியில்தான் உட்கார்த்தி வைத்தார்களாம். தோள்களின் மேலே உம்மா அந்த மலைப் பள்ளத்தை நோக்கிப் போவதை அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார். கண்ணில் நின்றுபோன அந்தப் பள்ளம் நேரே தெரிகிற இடத்தையே மையவாடி என்று இத்தனை வருடமும் நம்பியிருக்கிறார்.

"அப்ப உம்மா எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

எந்தப் பக்கம் பார்த்தாலும் பனியும் தண்ணீரும்தான். எனக்கு அழுகை வந்தது.

அவர் அந்தப் படியிலேயே நின்றார். பிறகு, கடை பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது சொல்வாரே, அதே சாதாரணக் குரலில், "அஸ்ஸலாமு அலைக்கும், உம்மா," என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

வீட்டுக்கு வருகிறவரின் ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. அந்த வாசலில் அப்போது இருந்தவள் நான் ஒருத்திதான்.

"வஅலைக்கும் ஸலாம், மகன்," என்று என் வாயிலிருந்து வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.