பஸ் அக்காவின் முதலாம் ஆண்டு

பதினொரு வருஷமாகப் பல்கலைக்கழகப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். மாணவர்கள் எல்லோருக்கும் பஸ் அக்கா. நகரத்தின் எந்தச் சந்தில் எத்தனை பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் அவள் போனதெல்லாம் வாசலைத் தாண்டி இருபது அடி, பஸ்ஸைத் திருப்பி நிறுத்தும் இடம் வரைக்கும்தான்.

காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவே ஏழு மணி நேரம் அங்கே சும்மா இருக்க வேண்டும். மாணவர்கள் சீட்டில் விட்டுப்போகும் குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் எடுத்து ஒரு பெட்டியில் போட்டு வைப்பாள். ஒருநாள் ஒரு புவியியல் புத்தகம் கிடைத்தது. மூன்று மாதமாகியும் யாரும் தேடி வரவில்லை. பொழுது போகாமல் புரட்டியவள், ஆறு ஏன் வளைந்து வளைந்து போகிறது என்ற பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். திருப்பத்தில் பயணிகள் எல்லோரும் வெளிப்பக்கமாகச் சாய்வார்களே, தண்ணீரும் அப்படித்தானாம்! இத்தனை நாள் தனக்குத் தெரிந்த விஷயத்தை யாரோ அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே குஷி.

ஊழியர்கள் கட்டணமில்லாமல் படிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் புவியியல் படிக்க விண்ணப்பம் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது.

முதல் நாள் காலை, மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு பெண் தலைமுடி பறக்க ஓடி வந்தாள். நேரமாகிவிட்டதால் அக்கா வண்டியை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் நடுரோட்டில் தரையைக் காலால் உதைப்பது கண்ணாடியில் தெரிந்தது.

பஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே போன அக்காவுக்கு வகுப்பு அகப்படவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கி, இரண்டு ஆய்வுக்கூடத்திலும் ஒரு சாமான் அறையிலும் எட்டிப் பார்த்து, கடைசியில் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது இருபது நிமிஷம் போயிருந்தது. யூனிஃபார்மை மாற்றவும் நேரமில்லை.

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, பஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். நான் இந்த வகுப்புதான்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரே ஒரு இடம்தான் காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காலையில் ஓடி வந்த அதே பெண். அவள் பையை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "லேட்டா வர்றவங்கள ஏத்தக்கூடாது, இல்லக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றே அந்தப் பெண்ணுக்கு ஓட்டக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் கட்டுரை ஆற்றைப் பற்றித்தான். ஒரே மூச்சில் எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினாள். திரும்பி வந்தபோது நூற்றுக்கு முப்பத்தொன்று. ஓரமெல்லாம் சிவப்பு மையில் ஒரே கேள்வி: சான்று எங்கே?

வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்.

"இது நமக்கு ஒத்துவராதுங்க. பேசாம விட்டுடறேன்" என்றாள்.

"விடணும்னா விடு. ஆனா நீ படிக்கிறதுக்குன்னு போட்ட கண்ணாடிய எங்க முதலாளி திரும்ப எடுத்துக்க மாட்டார், ஆமா."

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க!" என்று எழுந்து போனாள். ஆனால் மறுநாள் ஓட்டக்காரியிடம் கட்டுரையை நீட்டினாள்.

"அய்யோ அக்கா, எந்தப் புத்தகத்துல படிச்சீங்கன்னு போடவே இல்லையே! நூலகத்துக்குப் போயிருக்கீங்களா?"

"வெளியிலேருந்து பார்த்திருக்கேன்."

அன்று நூலகத்துக்குள் கூட்டிப்போன ஓட்டக்காரி, மெல்ல மெல்ல தன் கதையையும் சொன்னாள். வீட்டை விட்டு வந்து தனியாக ஓர் அறையில் இருக்கிறாள். காலையில் எழுப்ப ஆளில்லை, அதனால்தான் அந்த ஓட்டம். சாப்பிடக்கூடத் துணையில்லை. "மதியம் பஸ்ஸுக்கு வந்துடு" என்றாள் அக்கா.

இருவரும் நிறுத்தின பஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்தில் இன்னும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் பின்சீட்டு வரைக்கும் குறிப்பேடுகள். போக்குவரத்து மேற்பார்வையாளர் ஏறிப் பார்த்துவிட்டு, "இது பஸ்ஸா, பள்ளிக்கூடமா?" என்றார். படிக்கட்டில் செருப்பைக் கழற்றிப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு வந்தது பெரிய கண்டம். ஒவ்வொருவரும் வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். பதினொரு வருஷமாக மாணவர்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து பழகியவள் அவள். அறுபது முகம் நேருக்கு நேர் பார்த்ததும் படித்ததெல்லாம் காற்றில் போயிற்று. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்:

"எல்லாரும் உள்ள தள்ளி நில்லுங்க."

வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்தது. பின்வரிசையிலிருந்து ஓட்டக்காரி கத்தினாள்: "வண்டிய எடுங்கக்கா!"

அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு வண்டியை எடுத்தாள். நகரத்தின் சாலைகளில் மழைத்தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று சொல்லச் சொல்ல, பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பத்து நிமிஷம் இருபதாயிற்று.

வருஷக் கடைசியில் தேர்வு முடிவு வந்தது ஒரு சாயங்கால ட்ரிப்பில். பஸ் முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

"என்னோடத யாரும் சொல்லக்கூடாது!" என்று அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அதட்டினாள். "வண்டி ஓட்டும்போது எனக்கு நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்."

கடைசி ஸ்டாப் வந்தும் பாதிப் பேர் இறங்கவில்லை. அவள் எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்தாள். ஆறு பாடத்தில் ஐந்தில் தேறியிருந்தாள். புள்ளியியலில் மட்டும் நாலு மார்க்கில் கோட்டை விட்டிருந்தாள்.

"போச்சு, புள்ளியியல் காலை வாரிடுச்சு" என்றாள்.

"எனக்கும்தான்க்கா. எனக்கு ஒன்பது மார்க்குல போச்சு" என்றாள் ஓட்டக்காரி.

"ஒன்பதா? அப்போ நான் உன்னைவிடக் கெட்டிக்காரிதான்!"

பஸ்ஸே கைதட்டியது. மறுதேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.